குழந்தைகளோட முதல் கேம்பிங்: திரும்பி வர்றதுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க



வேங்கிக்கால்ல இருந்து வேலூர் ரோட்டைப் பிடிச்சு, போளூர் போய், அங்கிருந்து மலை ஏறினா ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் வந்துடும். மொத்தம் சுமார் 80 கி.மீ. கோலப்பன் ஏரியில படகு, பீமா நீர்வீழ்ச்சி, சாமை வயல், மலைத்தேன். ராத்திரி ஆனா டவுன்ல பார்க்கவே முடியாத அளவு நட்சத்திரம். குழந்தைகளை முதல் தடவையா டென்ட்ல தூங்க வைக்கணும்னு நினைக்கிற நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு முதல்ல நினைவுக்கு வர்ற இடம் இதுதான்.

நான் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், ட்ரெக்கிங் கைடு இல்லை. அதனால "எங்கே போகலாம்"ங்கிறதை விட "எப்படிச் செலவு பண்ணலாம்"னுதான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம். ஆனா இதுல பணமும் பாதுகாப்பும் தனித்தனி விஷயம் இல்லை. சின்னக் குழந்தைகளோட போற பயணத்துல பணத்தைத் தப்பா பூட்டி வச்சா, அது பாதுகாப்பையே பாதிக்கும். எப்படின்னு சொல்றேன்.

"காசு கட்டியாச்சே" என்கிற பிரச்சினை

காமர்ஸ் படிச்சவங்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரிஞ்சிருக்கும். தமிழ்ல மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவான, இனி என்ன பண்ணாலும் திரும்பி வராத பணம். அடுத்த முடிவை எடுக்கும்போது அந்தப் பணத்தைக் கணக்குல சேர்க்கவே கூடாதுன்னு புத்தகம் சொல்லும். நடைமுறையில நாம எல்லாருமே சேர்க்கிறோம். படம் மொக்கையா இருந்தாலும் டிக்கெட் காசுக்காக முழுசா உட்கார்ந்து பார்க்கிறோம்.

தியேட்டர்ல போறது ரெண்டரை மணி நேரம்தான். கேம்பிங்ல அப்படி இல்லை. வானிலை மையம் கனமழை எச்சரிக்கை கொடுத்திருக்கு, ஆனா அட்வான்ஸ் கட்டியாச்சு. போய்த்தான் பார்ப்போம்னு கிளம்புறோம். அஞ்சு வயசுப் பையன் படகைப் பார்த்து பயந்து அழறான், ஆனா டிக்கெட் வாங்கியாச்சு. தூக்கி உட்கார வைக்கிறோம். ராத்திரி 11 மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதிக்குது, ஆனா இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே. காலையில பார்த்துக்கலாம்னு இருந்துடறோம்.

இந்த மூணுலயும் முடிவு எடுத்தது அப்பா அம்மா இல்லை, செலவான காசு. அதனால முதல் பயணத்தோட பட்ஜெட்டுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்வேன்: எந்தக் கட்டத்துலயும் பெரிய நஷ்டம் இல்லாம திரும்பி வர முடியணும். கீழே சொல்ற எல்லாமே இந்த விதியில இருந்து வர்றதுதான்.

முதல் ராத்திரி மொட்டை மாடியில

நேரா மலைக்குப் போகாதீங்க. மூணு படியா போங்க.

முதல் படி, மொட்டை மாடி. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு டென்ட் கேட்டு வாங்குங்க. கிடைக்கலைன்னா கொசுவலையும் பாயும் போதும். சிமென்ட் தரையில ஆணி இறங்காது, அதனால டென்ட்டோட நாலு மூலையிலயும் தண்ணி கேன் வைங்க. சாப்பாட்டை மாடிக்கே எடுத்துட்டுப் போங்க. டார்ச் மட்டும் வெளிச்சம். பாத்ரூம் போகணும்னா குழந்தை உங்களை எழுப்பணும். ராத்திரி 2 மணிக்குக் கீழே போயே ஆகணும்னு அடம் பிடிச்சா, இறங்க வேண்டியது பதினஞ்சு படிதான். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். உங்க குழந்தைக்கு இருட்டு ஒத்துக்குமா, கொசு ஒத்துக்குமா, உங்க முதுகுக்குத் தரை ஒத்துக்குமான்னு தெரிஞ்சுடும்.

ரெண்டாவது படி, ஒரு பகல். பௌர்ணமி இல்லாத நாள் விடியற்காலையில கிரிவலப் பாதையில ரெண்டு மூணு கி.மீ. நடந்து பாருங்க. முழு 14 கி.மீ. வேண்டாம். பையில தண்ணி, பிஸ்கட், மாற்றுத் துணியைக் குழந்தையே சுமக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாத்தனூர் அணை. தென்பெண்ணை மேல 1958-ல கட்டி முடிச்ச அணை, பூங்காவும் முதலைப் பண்ணையும் இருக்கு. நம்ம ஊர்ல இருந்து ஒரு மணி நேரத் தூரம்தான், மதியமே திரும்பிடலாம். பயிற்சிக்குன்னு அண்ணாமலை மேல மட்டும் குழந்தைகளைக் கூட்டிட்டு ஏறாதீங்க. அது காப்புக்காடு. அனுமதி இல்லாம ஏறக் கூடாது.

மூணாவது படிதான் ஜவ்வாது மலை, அதுவும் ஒரே ஒரு ராத்திரி. முதல் ரெண்டு படியிலயும் குழந்தை சந்தோஷமா இருந்தா மட்டும்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஆன்லைன்ல தேட ஆரம்பிச்சா ஒரு மணி நேரத்துல கார்ட் நிறைஞ்சுடும். ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். நாலு பேர் குடும்பம், குழந்தைகளுக்கு 5 வயசு, 8 வயசு. விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை, உங்க விலையைப் போட்டுப் பாருங்க.

எல்லாத்தையும் வாங்கினா:
- டென்ட்: ₹7,000
- ஸ்லீப்பிங் பேக் 4: ₹6,000
- மேட் 4: ₹2,400
- அடுப்பு, பாத்திரம்: ₹3,000
- விளக்கு: ₹1,000
- குழந்தைகளுக்கு ஷூ 2 ஜோடி: ₹3,600
- பைகள்: ₹2,000
- மொத்தம்: ₹25,000

இப்போ டென்ட், படுக்கை எல்லாம் தர்ற இடத்துல ஒரு ராத்திரிக்கு ஜிஎஸ்டி சேர்த்து ₹3,150 கேக்கிறாங்கன்னு வைங்க. உங்க சொந்த டென்ட் கொண்டு போனாலும் இடத்துக்கு ₹1,200 வாங்குவாங்கன்னு வைங்க. அப்போ சொந்தமா வாங்கினதால ஒரு ராத்திரிக்கு மிச்சம் ₹1,950. ₹25,000-ஐ ₹1,950-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 13 ராத்திரி. வருஷத்துக்கு ரெண்டு ராத்திரி போற குடும்பத்துக்குப் போட்ட காசு எடுக்க ஆறரை வருஷம் ஆகும். அதுக்குள்ள 5 வயசுக் குழந்தை 11 வயசைத் தாண்டிடும். ஷூ எத்தனை தடவை மாத்தியிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க.

இதை விட முக்கியமான விஷயம், ₹25,000 போட்ட வீட்டுல "எனக்குப் பிடிக்கலை"ன்னு குழந்தை தைரியமா சொல்ல முடியாது. சொன்னாலும் நாம கேட்க மாட்டோம்.

வாங்கியே ஆகணும்னு சிலது இருக்கு. ஆளுக்கு ஒரு டார்ச், முதலுதவிப் பெட்டி, கொசு விரட்டி, ஒரு விசில். இதுக்கு ₹1,200 ஒதுக்குங்க. கேம்பிங் பிடிக்கலைன்னாலும் இதெல்லாம் வீட்டுல உபயோகப்படும். மூணு தடவை போய், குழந்தைகளே "மறுபடி எப்போ?"ன்னு கேட்டா, அப்போ டென்ட் வாங்குறதைப் பத்திப் பேசலாம். அதையும் சித்தப்பா வீடு, அக்கா வீடுன்னு மூணு குடும்பம் சேர்ந்து வாங்கினா இன்னும் நல்லது.

முதல் ராத்திரியோட பட்ஜெட்

- பெட்ரோல்: போக வர, அங்க சுத்த 220 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., லிட்டர் ₹102-னு வச்சா சுமார் ₹1,500
- டென்ட் வாடகை, ஜிஎஸ்டி சேர்த்து: ₹3,150
- சாப்பாடு: ₹1,800
- படகு, நுழைவுக் கட்டணம், பார்க்கிங்: ₹600
- டார்ச், முதலுதவி முதலியன: ₹1,200
- கூட்டல்: ₹8,250
- திரும்பும் நிதி: ₹2,000
- மொத்தம்: ₹10,250

கடைசி வரியைக் கவனிங்க. ராத்திரி மழை பிடிச்சா டென்ட்டை விட்டுட்டு ரூம் எடுக்க, குழந்தைக்கு முடியலைன்னா டாக்டர்கிட்ட போக, வண்டி நின்னா வேற வண்டி பிடிக்க. அதுக்குத்தான் இந்த ₹2,000. இது ரொக்கமா கையில இருக்கணும். மலையில எல்லா இடத்துலயும் சிக்னல் கிடைக்காது, யுபிஐயை நம்ப முடியாது. செலவாகலைன்னா அடுத்த பயணத்துக்கு எடுத்து வைங்க. வீட்டு எமர்ஜென்சி ஃபண்டை இதோட கலக்காதீங்க.

இந்த ₹10,250-ஐ ஆறு மாசத்துல சேர்க்க மாசம் ₹1,750 போதும். ஒரு ஆர்.டி. போடுங்க. வட்டி பெருசா வராது, ஆனா பணம் தனியா நிக்கும். கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டுற பழக்கம் இருந்தா இதையும் பாருங்க: ₹25,000-க்கு மாசம் 3.5% வட்டின்னா ₹875, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ₹157.50. ரெண்டும் சேர்ந்தா மாசம் ₹1,032.50. 'நோ காஸ்ட் இஎம்ஐ'யிலயும் பிராசஸிங் கட்டணமும் வட்டி மேல ஜிஎஸ்டியும் வரும். பேர்லதான் நோ காஸ்ட்.

அட்வான்ஸ் கட்டும் முன்

ஒண்ணு, மழை எச்சரிக்கையோ குழந்தைக்குக் காய்ச்சலோ வந்தா அட்வான்ஸ்ல எவ்வளவு திரும்ப வரும், இல்லைன்னா வேற தேதிக்கு மாத்தித் தருவாங்களா? பதிலை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. 'நான்-ரீஃபண்டபிள்'னு ₹500 குறைச்சுத் தர்ற சலுகை சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு சலுகையே இல்லை. அந்த ₹500-க்கு நீங்க விக்கிறது திரும்பி வர்ற உரிமையை.

ரெண்டு, பில். ஜிஎஸ்டி சட்டத்துல 'ஹோட்டல் தங்குமிடம்'ங்கிற விளக்கத்துலயே கேம்ப்சைட்டும் வருது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ₹7,500 வரைக்குமான தங்குமிடத்துக்கு வரி 12%-ல இருந்து 5% ஆயிடுச்சு. ₹3,000 வாடகைக்கு ₹150தான் வரி. இன்னும் 12% போட்டா கேளுங்க. பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கணும், தமிழ்நாடுன்னா 33-ல தொடங்கும். வருஷத்துக்கு ₹20 லட்சத்துக்குள்ள வருமானம் இருக்கிற சின்ன இடங்கள் பதிவு பண்ணாமலே நடத்தலாம், அதுல தப்பு இல்லை. ஆனா பதிவு இல்லாம ஜிஎஸ்டின்னு சொல்லி உங்ககிட்ட வாங்கக் கூடாது. ஆப் மூலமா புக் பண்ணா மட்டும், சின்ன இடமா இருந்தாலும் ஆப் நிறுவனமே வரி வாங்கிக் கட்டும்.

மூணு, அந்த இடத்துக்கு அனுமதி இருக்கா? பட்டா நிலமா, காட்டு நிலமா? 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட்டோட டென்ட்ல தங்கின ஒரு பெண் யானை தாக்கி இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க டென்ட் இடங்களோட அனுமதி பத்திப் பெரிய கேள்வி எழுந்துச்சு. நாம அந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டுடலாம்.

இன்சூரன்ஸ் என்ன சொல்லுது?

"வெளியில போய் அடிபட்டா பாலிசி செல்லாதாமே"ன்னு நிறைய பேர் கேக்கிறாங்க. ஹெல்த் பாலிசியில ஆபத்தான விளையாட்டுகளுக்கான விலக்கு, அதைத் தொழில்முறையா செய்றவங்களுக்குத்தான். குடும்பத்தோட போய் நடக்கும்போது கால் பிசகினா அந்த விலக்கு வராது. புது பாலிசியோட 30 நாள் காத்திருப்பும் விபத்துக்குக் கிடையாது. ஆனா தனிநபர் விபத்து பாலிசிகள் வேற மாதிரி. நிறைய பாலிசிகள்ல சாகச விளையாட்டுன்னாலே விலக்கு இருக்கு. உங்க பாலிசியில அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுடுங்க. ரெண்டாவது குழந்தையோட பேர் ஃப்ளோட்டர்ல சேர்ந்திருக்கான்னும் பாருங்க.

பாம்புக் கடி பயம் எல்லாருக்கும் உண்டு. கட்டுப் போடுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேண்டாம். குழந்தையை அசைய விடாம 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போகணும். அரசு மருத்துவமனையில இந்த மருந்து இலவசம். கிளம்பும் முன்னாடியே பக்கத்து மருத்துவமனை எதுன்னு கேட்டு எழுதி வைங்க.

எல்டிஏ வாங்குறவங்களுக்கு ஒரு வரி: பழைய வரி முறையில இருந்தா மட்டும், அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு. டென்ட், சாப்பாடு, படகு எதுக்கும் கிடையாது. அதை நம்பி பட்ஜெட்டை ஏத்தாதீங்க.

எப்போ போகக் கூடாது

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத் தீயில சிக்கினாங்க. 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளோட ஆன்லைன் முன்பதிவு தொடங்குச்சு. சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவாங்க. காட்டுக்குள்ள நடக்கணும்னா குழந்தைகளுக்கான வயசு விதியைப் பார்த்துட்டு இந்த வழியா போங்க. பிப்ரவரி நடுவுல இருந்து காய்ஞ்ச காலம் முழுக்க வேண்டாம்.

வடகிழக்கு மழைக்காலமும் வேண்டாம். 2024 டிசம்பர் 1-ம் தேதி பெஞ்சல் புயல் மழையில நம்ம மலையடிவாரத்துலயே மண் சரிஞ்சு 7 பேர் இறந்ததை நம்ம ஊர் மறக்காது. மலைச்சரிவுக்குக் கீழேயும், ஓடைக்குப் பக்கத்துலயும் டென்ட் போட வேண்டாம். மேல பெய்யுற மழை நமக்குத் தெரியாமலே ஓடையில வந்துடும். டென்ட்டுக்குள்ள அடுப்பு, கரி எதுவும் பத்த வைக்காதீங்க. நச்சுப் புகைக்கு வாசனையே கிடையாது.

மழை முடிஞ்சு, குளிர் இருக்கிற ஜனவரி நல்ல நேரம். ஸ்வெட்டர், குல்லா வேணும்.

குழந்தைக்கும் ஒரு பட்ஜெட்

ஒவ்வொரு குழந்தைக்கும் ₹150 கையில கொடுங்க. படகா, மலைத்தேனா, பொம்மையா, அவங்களே முடிவு பண்ணட்டும். பெரியவன் படகு போறான், சின்னவ வேண்டாம்னு கரையில நிக்கிறாளா? விடுங்க. படகு போறவங்களுக்கு அளவு சரியா இருக்கிற லைஃப் ஜாக்கெட் இருந்தா மட்டும் ஏத்துங்க. டிக்கெட் வாங்கினப்புறம் பயந்தாலும் பரவாயில்லைன்னு முன்னாடியே சொல்லி வைங்க. அந்த டிக்கெட் காசு போறதைப் பார்த்து நீங்க முகம் சுளிக்காம இருந்தீங்கன்னா, அதுதான் அவங்களுக்குக் கிடைக்கிற முதல் பணப் பாடம்.

காசில்லாத விஷயங்களும் நிறைய இருக்கு. மலையோட இன்னொரு பக்கம் காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அங்க இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல திறந்தது. 1977-ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்ச அவதானிப்புல அங்க இருந்த 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. பொதுமக்கள் பார்க்கிற நாள், நேரத்தை முன்னாடியே உறுதி பண்ணிக்கிட்டுப் போங்க. முடியலைன்னாலும் கவலை இல்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இருட்டான, தெளிவான வானத்துக்காகத்தான். அதே வானம் உங்க டென்ட் மேலயும் இருக்கு, பாயை விரிச்சுப் படுத்தா போதும்.

கிளம்புற அன்னைக்குக் காலையில

அப்பாவும் அம்மாவும் தனித்தனியா இந்த மூணு கேள்விக்கு பதில் சொல்லுங்க.

1. இதுவரைக்கும் ஒரு ரூபாயும் கட்டலைன்னா, இன்னைக்கு இருக்கிற வானிலைக்கும் குழந்தையோட உடம்புக்கும் நான் புதுசா காசு கட்டிக் கிளம்புவேனா?
2. பாதி ராத்திரியில திரும்பணும்னா டேங்க்ல பெட்ரோல், கையில ரொக்கம், ஓட்ட ஒரு ஆள் இருக்கா?
3. எங்கே தங்குறோம், எப்போ திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியுமா?

யாராவது ஒருத்தர் ஒரு கேள்விக்கு "இல்லை"ன்னு சொன்னாலும் பயணத்தைத் தள்ளி வைங்க. அட்வான்ஸ்ல பாதி ₹1,500 போனாலும் நஷ்டம் அவ்வளவுதான். அதைத் தாங்குற மாதிரிதானே பட்ஜெட்டே போட்டோம்? அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடி இருக்கவே இருக்கு.

வாங்குறதா வாடகையான்னு போட்ட கணக்கை உங்க விலைகளோட ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. நம்ம சேனல் வீடியோவுல இதே கணக்கை எக்ஸெல்ல படிப்படியா காட்டியிருக்கேன். குழந்தைகளோட வெளியில போகத் திட்டம் போடுற நண்பர்கள் இருந்தா அவங்களுக்கும் அனுப்பி வைங்க.